பின் ஆக்சில் ஹவுசிங்கில் ட்ரெயின் பிளக்: தருமபுரி மலைச்சாலை வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இன்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்க ஒரு பிளக் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் இருக்கிறது. பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு மட்டும் பல வண்டிகளில் அது இல்லை. நடுமட்டத்தில் ஆயில் ஊற்றும் பிளக் ஒன்று இருக்கும். ஊற்றியதை வெளியேற்ற வழி இருக்காது. அந்த வழியைப் பட்டறையிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியுமா, முடியும் என்றால் துளையை எங்கே போடுவது, எங்கே போடவே கூடாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் போல்ட்டால் இறுக்கிய மூடித் தகடு உள்ள ஹவுசிங் என்றால், அந்தத் தகட்டில் பிளக் போடலாம், போடுவது நல்லதும்கூட. மூடி கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்ட ஹவுசிங் என்றால், பாரம் ஏற்றும் வண்டியில் அதன் அடிப்பாகத்தைத் துளைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் "அடியில் ஒரு ஓட்டை போட்டு நட்டு வைத்து வெல்டு அடித்துவிடு" என்று வேலையை முடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்று சாலையில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை கொண்டவை. அவற்றின் பின் ஆக்சிலில் கியரும் இல்லை, ஆயிலும் இல்லை. ஆகவே இங்கே பேசப்படுபவை பின் சக்கரத்தை இன்ஜின் சுழற்றும் வண்டிகள்: ஜீப், பிக்கப், பழைய கார், பட்டை வில்லின்மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சரக்கு வண்டி.

தருமபுரியைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் அதன் நிலம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் நின்றவை மலையும் காடும் மேட்டு நிலமும், அவற்றில் ஓடும் வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் சிறு பட்டறைகளும். பாலக்கோட்டுத் தக்காளியும் காரிமங்கலத்து மாங்காயும் ஏறுவது பிக்கப்பில். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் அரிசி மூட்டையையும் சிமெண்ட்டையும் மேலே கொண்டுபோவதும் இப்படிப்பட்ட வண்டிகள்தான். ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும் ஆயிலின் நிலை அங்கே வெறும் பராமரிப்புக் கணக்கு அல்ல. வழியில் ஆக்சிலுக்குள் உள்ள கிரவுன் பல்சக்கரம் உடைந்தால் வண்டி நிற்கும் இடத்துக்கு ஜாக்கி கொண்டுபோவதே ஒரு நாள் வேலை.

2. ஹவுசிங்கின் இரண்டு வகை

துளை போடும் கேள்விக்கு விடை ஹவுசிங்கின் வகையில் இருப்பதால் இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வகை பாஞ்சோ ஹவுசிங். எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பற்றவைத்து, நடுவில் வளையமும் இருபுறமும் குழாயுமாகச் செய்தது. கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன், டிஃபரன்சியல் எல்லாம் ஒரே கட்டாக முன்பக்கமாகக் கழன்று வரும். பின்பக்கம் குவிந்த மூடி ஹவுசிங்கோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. மாருதி ஜிப்சியின் ஆக்சில் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் சுசுகி நிறுவனமே அடியில் ட்ரெயின் பிளக் கொடுத்திருக்கிறது.

இரண்டாம் வகையைச் சாலிஸ்பரி என்றும் ஸ்பைசர் என்றும் சொல்வார்கள். நடுவில் கனத்த வார்ப்பிரும்புக் கூடு. அதன் இருபுறமும் எஃகுக் குழாய்கள் அழுத்திச் செருகப்பட்டுப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கிரவுன் பினியன் கட்டு முன்பக்கமாக வராது. பின்பக்கம் உள்ள மெல்லிய மூடித் தகட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளின் பின் ஆக்சில் இந்த வகை. உலகம் முழுதும் பரவிய டானா 44 ஆக்சிலில் அந்தத் தகட்டைப் பத்து போல்ட்டுகள் பிடித்திருக்கும்.

ட்ரெயின் பிளக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் வண்டி செய்பவர்களுக்குள் ஒரே வழக்கம் இருந்ததில்லை. பழைய லேண்ட் ரோவரில் உண்டு. டொயோட்டா குவாலிஸில் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1986 வரை செய்த ஒன்பது அங்குல ஆக்சிலின் கதை இதைவிடச் சுவையானது. முதல் ஆண்டு ஹவுசிங்கில் அடியில் வடிகால் துளை இருந்தது. பின்னால் வந்தவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் அங்கே பழைய வண்டிப் பிரியர்கள் அதே இடத்தில் உள்ளே மரை வெட்டிய ஓர் உலோகக் குமிழைப் பற்றவைத்துக்கொள்கிறார்கள். துளை ஒன்று குறைந்தால் கடைசலும் மரையும் பிளக்கும் வாஷரும் மிச்சம், கசிவதற்கு ஓர் இடம் குறைவு. ஆலையின் கணக்கில் அது சரி. ஆலையில் ஆயில் ஊற்றுவது ஒரே முறை. பட்டறையில் வண்டியின் ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியிருக்கிறது.

3. வடிக்காத ஆயிலுக்கு என்ன நேர்கிறது

கிரவுன் ஆயிலை மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றினால் போதும் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் பரவலாக உண்டு. இந்த எண்ணம் தவறு என்பதற்கு கிரவுனின் வடிவமே சாட்சி.

பின் ஆக்சிலில் இருப்பது ஹைப்பாய்டு கியர். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கி, 1926இல் பக்கார்டு கார் வழியாகப் புழக்கத்துக்கு வந்த வடிவம் இது. பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இருக்கும். அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணக் கியரில் பல்லும் பல்லும் பெரும்பாலும் உருண்டு பொருந்தும். ஹைப்பாய்டில் பல்லின் நீளவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தியபடி சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயிலின் படலம் பிய்ந்துவிடும். எனவேதான் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஈ.பி. (கடும் அழுத்தம் தாங்கும்) கூட்டுப்பொருள்களைக் கலக்கிறார்கள். பல்லின் மேற்பரப்பில் வெப்பம் ஏறும்போது இவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். கிரவுன் ஆயில் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை அந்தக் கந்தகத்தினுடையது. ஜி.எல்.-5 தரம் என்று டப்பாவில் போட்டிருப்பது இந்தக் காப்பின் அளவைக் குறிக்கிறது. படலம் உண்டாகித் தேய, மறுபடி உண்டாகித் தேய, கூட்டுப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே போகும். மேலும் மேலும் ஊற்றுவதால் செலவானது முழுதாகத் திரும்பி வராது. தேய்ந்த இரும்புத் தூளும் வெளியே போகாது.

தொப்பூர்க் கணவாயை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து வரும் வண்டி அங்கே ஏறுகிறது. பினியன் கிரவுனைத் தள்ளுவதால் பல்லின் ஒரு முகத்தில் முழுப் பாரமும் விழுகிறது. தருமபுரியிலிருந்து போகும் வண்டி இறங்குகிறது. தாழ்ந்த கியரில் இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடித்தால் சக்கரம் கிரவுனைச் சுழற்ற, கிரவுன் பினியனைத் தள்ளுகிறது. பாரம் பல்லின் மறுமுகத்துக்கு மாறுகிறது. சமவெளியில் ஓடும் வண்டியில் அந்த மறுமுகம் அவ்வளவாக உழைப்பதில்லை. மலையில் ஏறி இறங்கும் வண்டியில் இரண்டு முகமும் உழைக்கின்றன, தூளும் இரண்டிலிருந்தும் வருகிறது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையிலும் இதே கதைதான்.

தண்ணீர் தனிச் சிக்கல். ஏற்றம் ஏறிச் சூடான ஹவுசிங்கோடு ஓடையில் இறங்கினால் கூடு சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாக வர வேண்டும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தாலோ தண்ணீருக்கு அடியில் இருந்தாலோ, ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீரே உள்ளே இழுக்கப்படும். மழைக்காலத்தில் சின்னாற்றின் கிளை ஓடைகளைக் கடக்கும் ஜீப்புகளுக்கு இது நேர்வதில் வியப்பில்லை. உள்ளே போன தண்ணீரும் ஆயிலும் கிரவுன் கடையக் கடையப் பாலேடு போன்ற குழம்பாகும். அந்தக் குழம்பில் பேரிங் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பேரிங் கிரவுன் பினியனின் பொருத்தத்தையே மாற்றிவிடும். வண்டி ஓர் இரவு அசையாமல் நின்றால், குழம்பாகாத தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். அடியில் ஒரு பிளக் இருந்து, காலையில் வண்டியை நகர்த்தும் முன் அதை மெல்லத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீராக இருக்கும். இந்த ஒரு சோதனைக்காகவே பிளக் வேண்டும் என்று வாதிடுவேன்.

4. இப்போது வடிக்கும் முறைகள்

மூடித் தகடு உள்ள ஹவுசிங்கில் தகட்டைக் கழற்றுகிறார்கள். அடிப் போல்ட்டுகளைத் தளர்த்தியவுடன் ஆயில் தகட்டின் விளிம்பு முழுதும் பரவி ஒழுகும். சட்டியில் விழுவது பாதி, தரையில் விழுவது பாதி. பழைய பேக்கிங்கைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய துணுக்கு உள்ளே விழாமல் பார்க்க வேண்டும். புதிய பேக்கிங்கோ பேஸ்ட்டோ வைத்து இறுக்க வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு: கிரவுன் பற்களைக் கண்ணால் பார்க்கலாம், அடியில் படிந்ததைத் துணியால் துடைத்தெடுக்கலாம். பிளக் வந்தாலும் சில முறைக்கு ஒருமுறை தகட்டைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

பாஞ்சோ வகையில் பிளக் இல்லையென்றால், ஊற்றும் துளை வழியாகக் குழாய் விட்டுப் பம்பால் உறிஞ்சுவது ஒரு வழி. மேலே மிதக்கும் நல்ல ஆயில் வந்துவிடும். அடியில் கிடக்கும் தூளும் தண்ணீரும் தங்கிவிடும். எதை வெளியேற்ற வேண்டுமோ அதுதான் உள்ளேயே நிற்கிறது. மற்ற வழி, இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் உருவிக் கட்டையே முன்பக்கமாக இறக்குவது. ஆயில் மாற்ற மட்டும் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

5. துளையின் இடம்

இனி மையக் கேள்வி.

பட்டை வில்லின்மேல் நிற்கும் வண்டியில் பின் ஹவுசிங் ஆயிலை வைத்திருக்கும் கூடு மட்டும் அல்ல. வண்டியின் பின்பாரம் முழுவதையும் தாங்கும் உத்தரமும் அதுவே. வில்லின் இருக்கை இரண்டிலும் பாரம் கீழே அழுத்துகிறது. சக்கரம் இரண்டிலும் தரை மேலே தள்ளுகிறது. உத்தரம் நடுவில் கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அப்போது ஹவுசிங்கின் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும்.

உதாரணத்துக்கு, பின் ஆக்சில்மேல் 1,000 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சக்கரத்துக்கு 500 கிலோ. சக்கர மையத்துக்கும் வில் இருக்கைக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், வளைக்கும் திருப்பம் 10,000 கிலோ-செ.மீ. இரண்டு வில் இருக்கைகளுக்கும் நடுவே எங்கே அளந்தாலும் அதே 10,000தான், நடுவில் குறைவதில்லை. இது வண்டி அசையாமல் நிற்கும்போது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் கணத்தில் இது பல மடங்காகும். நடுவில் கூடு வீங்கியிருப்பதால் உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் தகைவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் அடிவளையம் இழுபடும் பக்கத்தில் இருக்கிறது என்பது மாறாது. ஆயில் வடிக்க மிகத் தாழ்ந்த இடமும் அதுவே. அதனால்தான் பலருக்கும் முதலில் கை போகும் இடம் அதுவாகிறது.

இழுபடும் தகட்டில் வட்டத் துளை போட்டால் என்ன ஆகும் என்பதை 1898இலேயே ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் கணித்துக் காட்டிவிட்டார். அகன்ற தகட்டின் நடுவே உள்ள சிறு துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை சிறியதென்றாலும் மூன்று மடங்குதான். துளையைச் சுற்றி மரைக் குமிழ் ஒன்றைப் பற்றவைத்தால் போன பலம் திரும்பிவிடும் என்று தோன்றும். உலோகம் திரும்புகிறது, ஆனால் வெல்டின் விளிம்பு, அதாவது உருகிய கம்பி தகட்டைச் சந்திக்கும் அந்த மெல்லிய கோடு, புதிய பலவீனமாக வந்து சேர்கிறது. ரயில் அச்சுகள் தாங்கவல்ல பாரத்துக்குள்ளேயே ஓடியும் ஏன் முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் பொறியியலாளர் வோலர் ஆராய்ந்தார். ஒரே தடவை விழும் பெரும் பாரத்தைவிடத் திரும்பத் திரும்ப விழும் நடுத்தரப் பாரம் உலோகத்தை அயரவைக்கிறது என்பது அந்த ஆய்வின் பயன். வெல்டின் விளிம்பில் தொடங்கும் மயிரிழை விரிசலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். விரிசல் ஒரே நாளில் வராது. ஆண்டுக்கணக்கில் தக்காளிப் பெட்டி ஏற்றிய பிறகு ஒருநாள் வளையத்தின் அடியில் ஆயில் ஈரம் தெரியும். பிளக் கசிகிறது என்று நினைத்து வாஷரை மாற்றுவார்கள்.

ஜிப்சியில் சுசுகி நிறுவனம் அடியில் பிளக் கொடுத்திருக்கிறதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆலை அந்தத் துளையை ஹவுசிங்கின் வடிவமைப்பிலேயே சேர்த்துத் தடிமனைத் தீர்மானித்திருக்கிறது, சோதித்தும் பார்த்திருக்கிறது. பட்டறையில் போடும் துளை அந்தத் தீர்மானத்துக்கு வெளியே இருக்கிறது. அத்துடன் எழுதப்பட்ட பாரத்துக்கு மேல் ஏற்றும் வழக்கம் உள்ள வண்டியில் ஹவுசிங்கின் மிச்ச பலத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம்.

இனி மூடித் தகட்டுக்கு வருவோம். ஸ்பைசர் வகையில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது வார்ப்பிரும்புக் கூடும் குழாய்களும். தகடு ஆயிலை மூடி நிற்கிறது. உத்தர வேலையில் அதன் பங்கு சிறியது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்துத் துளைக்கலாம், பற்றவைக்கலாம், தவறினால் வேறு தகடு வாங்கலாம். ஹவுசிங்கை யாரும் தொட வேண்டியதில்லை. தகட்டின் கீழ் வளைவில், அடிப் போல்ட்டுகளுக்குச் சற்று மேலே துளை அமைந்தால், கூட்டின் அடியில் கொஞ்சம் ஆயில் மிஞ்சும். அந்த மிச்சம் ஒரு குறைதான், மறுக்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் சற்று உயர்த்தி, அடியில் கட்டை கொடுத்து வடித்தால் ஆயில் பின்பக்கம் சாய்ந்து அந்த மிச்சமும் குறையும்.

கல்லைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மலைத்தடத்தில் முன் சக்கரம் கிளப்பும் கல் ஹவுசிங்கின் முன்பக்கத்திலும் அடியிலும் அடிக்கிறது. நடுவே எழும்பிய பாறை அடிவளையத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறது. அடியில் துருத்தி நிற்கும் அறுகோணத் தலை அந்தப் பாறைக்கு எளிய இலக்கு. பிளக் உடைந்தால் காட்டு நடுவே ஆயில் முழுதும் போய்விடும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. பின் தகட்டில், தலை துருத்தாமல் உள்ளே குழிந்த, அலன் சாவியால் திருகும் பிளக் என்றால் வார்ப்புக் கூடே அதற்குக் கேடயமாக நிற்கும்.

உட்புறத்தையும் மறக்கக் கூடாது. கிரவுன் வீல் சுழலும் பாதைக்கும் தகட்டுக்கும் இடைவெளி சில இடங்களில் மிகக் குறைவு. குமிழ் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் சுற்றிலேயே கிரவுன் போல்ட்டில் இடிக்கும். துளையிடும் முன், தேர்ந்த இடத்தில் தகட்டின் உட்புறம் பிசைந்த களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, தகட்டை மாட்டி, சக்கரத்தைக் கையால் முழுச் சுற்றாகச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும். மண்ணில் எவ்வளவு தடிமன் மிஞ்சியதோ அவ்வளவுதான் இடம். களிமண்ணைப் பிறகு சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

6. மரை

மூன்று நான்கு மில்லிமீட்டர் தகட்டிலேயே நேராக டேப் அடித்து பிளக் மாட்டும் ஆசையைக் கைவிட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் புரி இடைவெளியில் அங்கே மூன்று முழுப் புரிகூட விழாது. இரண்டாவது முறை திறக்கும்போது மரை பிய்ந்துவிடும். லேத் பட்டறையில் மைல்டு ஸ்டீல் உருளையிலிருந்து 32 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் கொண்ட குமிழ் ஒன்றைக் கடைந்து, எம்18 × 1.5 மரை போட்டுக்கொள்வதே முறை. டேப்புக்கு முன் போடும் துளை 16.5 மி.மீ.; விட்டத்திலிருந்து புரி இடைவெளியைக் கழித்தால் வரும் அளவு.

மரையின் தேர்வில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அரை அங்குலக் குழாய் பிளக் பி.எஸ்.பி. மரை கொண்டது. அமெரிக்க வழிவந்த ஆக்சில்களிலும் கருவிகளிலும் இருப்பது என்.பி.டி. என்னும் கூம்பு மரை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். எனவே ஒன்றை மற்றதில் திருகினால் சில சுற்று இயல்பாகவே போகும். பொருந்திவிட்டது என்று கை நம்பிவிடும். ஆனால் பி.எஸ்.பி. புரியின் கோணம் 55 பாகை, என்.பி.டி.க்கு 60 பாகை. விட்டத்திலும் சிறு வேறுபாடு உண்டு. இறுக்க இறுக்கப் புரியின் உச்சி மட்டும் நசுங்கும். ஆயில் புரியின் வழியே சுற்றி வந்து கசியும். கசிவை நிறுத்த டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் கூம்பு மரை ஆப்பாக மாறிக் குமிழையோ வார்ப்பையோ பிளக்கும். கூம்பு மரையே இந்த இடத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நேர் மரையும் செம்பு வாஷரும் போதும். அடைப்பது வாஷரின் வேலை, பிடிப்பது மரையின் வேலை. ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போட வேண்டும். ஸ்பேனரின் நீளம் தரும் பலத்துக்கு மேல் குழாய் மாட்டி இழுக்கக் கூடாது.

7. பற்றவைப்பு

தகட்டைப் பற்றவைக்கும்போது அது வளையும். வெப்பத்தில் விரிந்த உலோகம் ஆறும்போது சுருங்கி விளிம்பை இழுக்கும். விளிம்பு கோணினால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. தகட்டை ஒரு கனத்த பிளேட்டில் போல்ட்டால் இறுக்கி வைத்து, ஒரே மூச்சில் வட்டம் முழுதும் ஓட்டாமல், எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு சிறு துண்டுகளாக வெல்டு போட்டு, பிளேட்டிலேயே ஆறவிட வேண்டும். பிறகு கண்ணாடிமேல் வைத்து விளிம்பு படிகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழில் டேப்பை வெல்டுக்குப் பின் இன்னொரு முறை ஓட்டுவது நல்லது. கசிவைச் சோதிக்கத் தகட்டைக் கிண்ணமாகப் பிடித்து மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபக்கம் சுண்ணாம்பு பூசிச் சற்று நேரம் வைத்தால் ஊசித்துளை இருந்தாலும் ஈரக்கறை காட்டிக்கொடுக்கும்.

வண்டியில் மாட்டியபடியே ஹவுசிங்கில் வெல்டு அடிப்பது வேறு வகை விபரீதம். எர்த் கிளிப்பைச் சேசிஸில் எங்கோ மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகளின் வழியாகப் பாயும். உருளைக்கும் பாதைக்கும் நடுவே பொறி விழுந்து குழி உண்டாகும். சில நாளில் பேரிங் இரையும், காரணம் யாருக்கும் தெரியாது. உள்ளே மிஞ்சிய ஆயில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளலாம். பிரேக் ஹோஸும் டீசல் டேங்கும் அருகிலேயே இருக்கின்றன. வெல்டின் சுருக்கத்தால் குழாய் ஒரு மயிரளவு வளைந்தாலும் ஷாஃப்ட்டும் சீலும் வாழ்நாள் முழுதும் அந்த வளைவைச் சுமக்கும். வார்ப்பிரும்புக் கூட்டில் இதோடு இன்னொரு துன்பம் சேர்கிறது: அதிலுள்ள மிகுந்த கரி காரணமாக வெல்டின் ஓரம் கண்ணாடிபோல் கெட்டிப்பட்டு, ஆறும்போதே வெடிக்கும். முன்சூடாக்கி நிக்கல் கம்பியால் செய்யலாம் என்பார்கள். ஓர் ஆயில் பிளக்குக்காக அவ்வளவு அபாயத்தை ஏற்கத் தேவையில்லை.

பாரம் ஏற்றாத, சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் பழைய காரின் பாஞ்சோ ஹவுசிங்கில் பிளக் வேண்டுமென்றே தீர வேண்டும் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஹவுசிங்கை முழுதாக இறக்கி, உள்ளே எதுவும் இல்லாமல் கழுவி, அடிவளையத்தைத் தவிர்த்துப் பின்குவிமூடியின் கீழ் வளைவில் குமிழை வைக்கலாம். ஹவுசிங் வேறு காரணத்துக்காக இறங்கும் நாளில் செய்வதே அறிவுடைமை.

8. காந்தம் சொல்லும் செய்தி

பிளக்கின் உள்முனையில் சிறு காந்தம் பதித்ததை வாங்கிப் போடுவது நல்லது. ஆயிலில் மிதக்கும் இரும்புத் தூள் அங்கே வந்து ஒட்டும். பேரிங்குக்குப் போவது குறையும். அதைவிடப் பெரிய பயன் நோய் அறிவது. பிளக்கைத் திறக்கும்போது காந்தத்தில் மையைப் போல நெய்ப்பான கருஞ்சாந்து இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் மணல்போல் நெருடினால் அடுத்த முறை சீக்கிரம் திறந்து பார்க்க வேண்டும். ஊசிபோன்ற சிம்பு, செதில்போன்ற பட்டைத் துண்டு, பல்லின் முனை இவற்றில் எது தென்பட்டாலும் வண்டியை மலையேற்றக் கூடாது. மூடியைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். செதில் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வருவது.

வடிக்கும் முன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். 80டபிள்யூ-90 ஆயில் 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகை செல்சியஸில் ஏறத்தாழ பத்து மடங்கு இளகியிருக்கும். குளிர்ந்த ஆயில் தூளை விட்டுவிட்டுத் தான் மட்டும் வழியும். சூடான ஆயில் தூளையும் சுமந்துகொண்டு வரும். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் இதற்கு நேர்மாறாக, இரவு முழுதும் அசையாத வண்டி வேண்டும். எப்போதும் முதலில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டே வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். மேலே உள்ளது துருவேறித் திறக்க மறுத்தால், அடியில் வடித்துவிட்ட வண்டி அங்கேயே நிற்கும்.

9. சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மூடித் தகட்டில் ஒரு பிளக் போடுவதால் சான்றிதழின் எந்த விவரமும் மாறுவதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது. நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க அது காரணமாகலாம்.

10. வடிந்த ஆயில்

பிளக் வந்தால் ஆயில் மாற்றுவது கால்மணி நேர வேலையாகிவிடும். பட்டறைக்கே போக வேண்டியதில்லை; வீட்டு வாசலிலும் தோட்டத்து மேட்டிலும் வடிக்கலாம். இந்த எளிமை ஒரு பொறுப்பையும் கொண்டுவருகிறது. பழைய கிரவுன் ஆயிலில் கந்தகக் கூட்டும் உலோகத் தூளும் இருக்கின்றன. அதை வேலி மரத்துக்குப் பூசுவதும், கரையானுக்கு ஊற்றுவதும், பள்ளத்தில் கொட்டிவிடுவதும் வழக்கமாக இருந்துவருகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரக் கழிவாகவே வைத்திருக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீதும் சுமத்தியிருக்கிறார்கள். கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி விவசாயம் செய்யும் மாவட்டம் இது. பாறை இடுக்கில் இறங்கும் ஆயில் எந்தக் கிணற்றில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளக் போட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் மூடி உள்ள ஒரு பழைய கேனையும் கொடுத்து, வடித்த ஆயிலை அதில் அடைத்துத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்ந்ததை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள்.